பெயர் சொல்லாமல் சுட்டப்பட்டோர்: கணிப்பொறிப் பதிப்புகளைப் பற்றி ஒரு திறனாய்வு

ஒருவரைக் குறிப்பிட வேண்டுமானால் அவர் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்பதில்லை. "தலைமையாசிரியர் வந்துவிட்டார்" என்கிறான் மாணவன். "எங்கள் வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கிறார்" என்கிறாள் ஒரு பெண். "கோடி வீட்டுக்காரரின் மருமகன்" என்கிறார் ஊர்ப் பெரியவர். இம்மூன்றிலும் பெயர் இல்லை. ஆயினும் கேட்பவருக்கு ஆள் யாரென்பதில் ஐயம் எழுவதில்லை. கேட்பவரும் அதே ஊரார், அதே காலத்தவர் என்பதே காரணம்.

இப்பேச்சுகளை ஒருவர் எழுதி வைத்து, எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் வேறொரு நாட்டார் படிப்பதாக வைத்துக்கொள்வோம். எந்தப் பள்ளியின் தலைமையாசிரியர்? எந்தக் கோடி வீடு? எத்தனையாவது மருமகன்? அன்று தெளிவாக இருந்தது இன்று புதிராகிவிடுகிறது. இடைக்கால நூல்களையும் கல்வெட்டுகளையும் ஆவணங்களையும் பதிப்பிப்போர் நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கல் இதுவே. அக்கால எழுத்தில் மக்கள் பெயரால் மட்டுமன்றிப் பட்டத்தாலும், பதவியாலும், உறவாலும், செய்த செயலாலும், அணிந்த மாலையாலும்கூடச் சுட்டப்பட்டார்கள்.

இன்று இந்நூல்கள் கணிப்பொறிப் பதிப்புகளாக வந்துகொண்டிருக்கின்றன. மறைமுகச் சுட்டுகளை அப்பதிப்புகள் எவ்வாறு கையாளுகின்றன? அம்முறையால் நாம் பெறுவது என்ன, இழப்பது என்ன? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்துக்குள் இடப்படும் குறி

ஓலையையோ கல்வெட்டையோ படம் பிடித்துத் திரையில் காட்டினால் அது கணிப்பொறிப் பதிப்பு ஆகிவிடாது. எழுத்துகளை ஒவ்வொன்றாக உள்ளிட்டாலும் போதாது. கணிப்பொறிக்கு 'திருவாரூர்' என்பதும் 'திருவாளர்' என்பதும் வெறும் எழுத்து வரிசைகளே. ஒன்று ஊர், மற்றொன்று மரியாதைச் சொல் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே பதிப்பாசிரியர் உரையின் ஊடே குறிச்சொற்களை இடுகிறார். 'இங்கிருந்து இதுவரை ஊர்ப்பெயர்', 'இது ஆட்பெயர்', 'இங்கே கல் சிதைந்துள்ளது' என்பன போன்றவை அவை. படிப்பவர் கண்ணுக்கு அவை தெரிவதில்லை. ஆனால் தேடவும், எண்ணவும், வரிசைப்படுத்தவும் கணிப்பொறிக்கு அவையே வழிகாட்டி.

ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி குறியிட்டால் ஒருவர் பதிப்பு மற்றொருவருக்குப் பயன்படாது. எனவே 1987-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள வாசர் கல்லூரியில் அறிஞர்கள் கூடிப் பொது விதிகளை வகுக்கத் தொடங்கினர். 'உரைக் குறியீட்டு முயற்சி' எனத்தக்க அவ்வமைப்பு சுருக்கமாக டி.இ.ஐ. எனப்படுகிறது. அதன் விதித்தொகுப்பின் ஐந்தாம் பதிப்பு 2007-இல் வெளிவந்து, அதன் பின்னும் திருத்தம் பெற்று வருகிறது. கிரேக்க, இலத்தீன் கல்வெட்டுகளுக்கென இவ்விதிகளைத் தழுவி அமைக்கப்பட்ட 'எபிடாக்' என்னும் முறை தமிழ்க் கல்வெட்டுகளுக்கும் வந்துவிட்டது. 2019-இல் தொடங்கிய 'தர்மா' என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் தமிழ் உள்ளிட்ட பல மொழிக் கல்வெட்டுகளை இம்முறையில் பதிப்பிக்க முற்பட்டது. ஆகவே இது எங்கோ நடக்கும் விவகாரம் அன்று.

ஆட்களைக் குறிக்க டி.இ.ஐ. இரண்டு முக்கியக் குறிச்சொற்களைத் தருகிறது. ஒன்று ஆட்பெயருக்கு உரியது. மற்றொன்று பெயரல்லாத, ஆனால் ஒருவரைச் சுட்டும் தொடருக்கு உரியது. இதனைச் 'சுட்டுத்தொடர்' என்று அழைப்போம். பதிப்பின் வேறோர் இடத்தில் ஆட்களின் பட்டியல் ஒன்று இருக்கும்; ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. உரையில் பெயரோ சுட்டோ வருமிடத்தில் அந்த எண்ணைக் கட்டிவிட்டால், அந்த ஆள் எங்கெங்கே எப்படியெப்படிச் சுட்டப்பட்டாலும் ஒரே தேடலில் அகப்படுவார்.

இதன் பயனைக் குறைத்துக் கூற இயலாது. அச்சுநூலின் பின்னே பெயரகராதி தொகுக்க ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் இதன் அருமையை அறிவார்கள். ஆனால் எண் கட்டும் இந்தச் சிறு செயல்தான் நம் திறனாய்வுக்கு உரியது. 'இது ஆட்பெயர்' என்பது ஓர் அவதானிப்பு. 'இவர் இன்னார்' என்பதோ ஒரு முடிபு. இரண்டும் ஒரே குறிக்குள் அடங்கிவிடுகின்றன. அச்சுப் பதிப்பில் ஐயம் அடிக்குறிப்பாகக் கண்ணெதிரே நிற்கும். கணிப்பொறிப் பதிப்பிலோ அது கண்ணுக்குத் தெரியாத ஓர் எண்ணுக்குள் புதைந்து போகிறது.

'நம் அக்கன்' யார்?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலாம் இராசராசன் தன் 26-ஆம் ஆட்சியாண்டில், கோயிலுக்குத் தான் கொடுத்தனவற்றையும் பிறர் கொடுத்தனவற்றையும் கல்லில் வெட்டும்படி ஆணையிட்டான். 'நாம்', 'நம் அக்கன்', 'நம் பெண்டுகள்', மற்றும் கொடுத்தவர்கள் எனக் கொடையாளர்கள் அங்கே வகுக்கப்படுகிறார்கள். அக்கன் என்பது தமக்கை. பெயர் சொல்லப்படவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அரசனின் தமக்கை யாரென்பதை அன்று தஞ்சையில் அறியாதார் இரார்.

நமக்கு அவர் குந்தவை என்று எப்படித் தெரிகிறது? அதே கோயிலின் வேறு கல்வெட்டு, இராசராச தேவரின் திருத்தமக்கையார் என்றும், வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்றும், பராந்தகன் குந்தவையார் என்றும் அவரை விரித்துக் கூறுகிறது. தம்பி, கணவர், தந்தை ஆகிய மூவர் வழியாக ஒருவர் சுட்டப்படுகிறார். இவ்வளவும் வேண்டுமா என்று தோன்றலாம். வேண்டும். இராசராசனின் மகளுக்கும் குந்தவை என்றே பெயர். அவர் வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்தவர். ஆக, இங்கே பெயரைவிட உறவுச் சொல்தான் ஆளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. பெயர் முதன்மையானது, சுட்டு துணையானது என்ற நம் எண்ணமே தலைகீழாகிறது.

இப்போது பதிப்பாசிரியர் 'நம் அக்கன்' என்ற தொடரில் குந்தவையின் எண்ணைக் கட்டுகிறார். முடிபு சரியானதே. ஆனால் அந்த எண்ணிலிருந்து, இது வேறொரு கல்வெட்டின் துணையால் பெறப்பட்டது என்பது தெரியாது. உறவு வழியாகச் சுட்டப்பட்டார் என்பதும் தெரியாது. 'நாம்' என்பது அரசன் கூற்றானால்தான் 'நம் அக்கன்' அரசனின் தமக்கை ஆவார் என்ற இடைப்படியும் மறைந்துவிடும்.

வந்தியத்தேவரைப் பாருங்கள். குந்தவை யாரென்று காட்டுவதற்காகவே அவர் பெயர் அங்கே வருகிறது. அவர் கோயிலுக்கு ஒன்றும் கொடுத்ததாக அத்தொடர் கூறவில்லை. ஆனால் ஆட்பெயர்க் குறி அவருக்கும் இடப்படும். பின்னர் ஒரு மாணவன், 'தஞ்சைக் கோயிற் கொடையோடு தொடர்புடையோர்' என்று கணிப்பொறியைக் கேட்டு வரைபடம் போட்டால், வந்தியத்தேவரும் கொடையாளர்களுள் ஒருவராகக் காட்சி தருவார். செயல் செய்தவர், அடையாளத்துக்காகக் குறிக்கப்பட்டவர் என்ற வேறுபாட்டைக் குறியில் காட்டாவிடில் இத்தகைய பிழை தவிர்க்க இயலாதது.

'நம் பெண்டுகள்' என்ற பன்மை இன்னும் கடினம். அக்கோயிலுக்குக் கொடை தந்த அரசியர் சிலரின் பெயர்கள் பிற கல்வெட்டுகளால் தெரியும். அவர்கள் அனைவரின் எண்களையும் இத்தொடரில் கட்டிவிடலாமா? கட்டினால், 'பெண்டுகள்' என்றது இவர்களை மட்டுமே என்று நாம் உறுதி கூறியதாகும். கல்வெட்டு அவ்வாறு கூறவில்லை. குழுவைக் குழுவாகவே குறித்து, அதில் அடங்கக்கூடியவர்களைத் தனியே சொல்வதுதான் நேர்மை.

தாந்தே பெயர் சொல்லாத நிழல்

மேற்கண்ட சான்றில் முடிபு உறுதியானது. உறுதியற்ற இடத்தில் என்ன ஆகும்?

இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் 'தெய்விகக் காதை' 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றப்பட்டது. அதன் நரகப் பகுதியின் மூன்றாம் காண்டத்தில், நன்மையின் பக்கமும் தீமையின் பக்கமும் நில்லாது வாழ்ந்தவர்களின் கூட்டத்தைக் கவிஞர் காண்கிறார். அவர்களுள் ஒருவரை அவர் இனங்கண்டுகொள்கிறார். கோழைத்தனத்தால் பெரியதொன்றை மறுத்து விட்டவர் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறார். பெயர் இல்லை.

பழைய உரையாசிரியர் பலர், இது ஐந்தாம் செலஸ்தீன் என்ற போப்பாண்டவரே என்றனர். தாந்தேயின் மகன் யாக்கப்போவும் அவ்வாறே உரை கண்டார். துறவியாக வாழ்ந்த செலஸ்தீன் 1294 ஜூலையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, அதே ஆண்டு டிசம்பர் 13-இல் பதவியைத் துறந்தவர். ஆனால் 1313-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். பெத்ரார்க்கா என்ற கவிஞர் அவருடைய துறவைப் போற்றி எழுதினார். பென்வெனுத்தோ என்னும் 14-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர், சுட்டப்பட்டவர் தலைமகன் உரிமையை விட்டுக்கொடுத்த விவிலிய ஏசாவே என்றார். ஏசுவின் வழக்கில் தீர்ப்புச் சொல்லாது கைகழுவிய பிலாத்து என்பாரும் உளர்.

இந்த இடத்தில் பதிப்பாசிரியர் செலஸ்தீனின் எண்ணை மட்டும் கட்டினால், 'செலஸ்தீன்' என்று தேடும் மாணவனுக்குத் தாந்தே ஒரு போப்பாண்டவரைக் கோழை என்று நரக வாசலில் நிறுத்தினார் என்ற விடை கிடைக்கும். ஏழு நூற்றாண்டுக் கால வழக்கு ஒரே எண்ணில் தீர்ந்துவிடுகிறது. தீர்த்தவர் யார் என்பதும் தெரியாது.

சரி, மூவரின் எண்களையும் கட்டிவிடலாமே என்று கேட்கலாம். டி.இ.ஐ. விதி அதற்கு இடம் தருகிறது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட எண்களைக் கட்டினால், அப்பெயர் பல ஆட்களைச் சேர்த்துச் சுட்டுகிறது என்பதே அவ்விதியின்படி பொருள். அதாவது 'இவரும் அவரும்' என்று ஆகுமே தவிர, 'இவரோ அவரோ' என்று ஆகாது. இலக்கணத்தில் உம்மைக்கும் ஓகாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை நம் பள்ளி மாணவர்களும் அறிவார்கள். அந்த வேறுபாடு இங்கே எளிதில் நழுவிவிடுகிறது. விதியைப் படிக்காத பதிப்பாசிரியர் ஐயத்தைக் காட்டுவதாக எண்ணிக்கொண்டு, மூவரும் ஒருங்கே சுட்டப்பட்டதாக எழுதிவிடக்கூடும்.

'இவரோ அவரோ' என்று சொல்லவும், எவ்வளவு உறுதி என்று அளவிட்டுக் காட்டவும், முடிபு யாருடையது என்று பதியவும் டி.இ.ஐ.யில் வேறு கருவிகள் உண்டு. அவை இல்லை என்று கூறுவது நியாயமாகாது. ஆனால் அவை தனித்தனி இடங்களில், கூடுதல் உழைப்புக் கேட்கும் வகையில் அமைந்துள்ளன. உறுதியாக ஒரு பெயரைச் சொல்வது ஒரு நொடி வேலை. ஐயத்தைச் சொல்வதோ பல வரி வேலை. கருவி இவ்வாறு சாய்ந்திருக்கும்போது, அதைக் கையாள்பவரும் அந்தப் பக்கமே சாய்வார். நம் முதற் குறைபாடு இதுவே.

சொல்லாமையே பொருளாகும்போது

பெயர் சொல்லாமை எப்போதும் தற்செயலானது அன்று. நரகப் பகுதி முழுவதிலும் கிறிஸ்து என்ற பெயர் வருவதில்லை. அவரைக் குறிக்க நேரும்போது ஆற்றல் மிக்க ஒருவர் என்பது போன்ற சுட்டுகளே வருகின்றன. அப்பெயர் ஒலிக்கத் தகாத இடம் நரகம் என்ற கருத்து அதில் அடங்கியுள்ளது. சுவர்க்கப் பகுதியில் பெயர் வெளிப்படையாக ஒலிக்கிறது. இரண்டிலும் ஒரே குறிச்சொல், ஒரே எண் கட்டிவிட்டால், கவிஞர் கட்டிய வேறுபாட்டைப் பதிப்பாசிரியர் இடித்துத் தள்ளியவர் ஆகிறார்.

தமிழ் பயின்றவர்களுக்கு இது புதிய செய்தியன்று. அகப்பாடலில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பிய விதி. நெடுநல்வாடையை நினைவு கூர்வோம். பிரிவால் வாடும் தலைவி, பாசறையில் இருக்கும் தலைவன், யாருக்கும் பெயரில்லை. அகப்பாட்டுக்குரிய எல்லாம் உண்டு. ஆனால் பாசறையில் ஒரு வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப்பூ. அந்த ஒரு பூவைக் கொண்டு, 14-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் நச்சினார்க்கினியர், இப்பாட்டில் அடையாளம் கூறப்பட்டமையால் இது அகமாகாது, புறமே என்றார்.

ஒரு மறைமுகச் சுட்டு ஒரு முழுப் பாட்டின் திணையையே மாற்றிவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று காண்பது அரிது. நெடுநல்வாடையைக் கணிப்பொறியில் பதிப்பிப்பவர் 'வேம்பு' என்ற சொல்லில் பாண்டியன் நெடுஞ்செழியனின் எண்ணைக் கட்டலாமா? கட்டினால், உரையாசிரியரின் வாதம் பாட்டின் கூற்றாகிவிடும். கட்டாவிட்டால், பல நூற்றாண்டுகளாகப் பயின்று வரும் வாசிப்பு தேடலில் அகப்படாமற் போகும். வேம்பு என்பதைப் பூவாகவே குறித்து, 'நச்சினார்க்கினியர் கருத்துப்படி இது பாண்டியனைச் சுட்டுவது' என்று தனி அடுக்கில் பதிவதே முறை. யார் சொன்னது என்பதைச் சொல்லாமல் யாரைச் சொன்னது என்று சொல்லக்கூடாது.

பதவி வேறு, ஆள் வேறு

அடுத்த இடர் பட்டங்களாலும் பதவிகளாலும் வருவது. இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றி 1216 முதல் 1272 வரை ஆண்டான். அவனுடைய ஆட்சியில், அரசனிடம் பெறும் உரிமைக்கோ சலுகைக்கோ ஈடாகத் தருவதாக ஒப்புக்கொண்ட தொகைகள் தோற்சுருள்களில் எழுதி வைக்கப்பட்டன. அவற்றில் 'வின்செஸ்டர் ஆயர்' என்று வந்தால் அவர் யார்? 1230-இல் எழுதியதாயின் பீட்டர் தெ ரோஷ். அவர் 1238-இல் இறந்தார். 1247-இல் எழுதியதாயின் வில்லியம் ராலே. சில இடங்களில் அது எந்த ஆளையும் குறிக்காது. ஆயர் பதவிக்குரிய நிலத்தை மட்டுமே குறிக்கும்.

சோழர் கல்வெட்டுகளில் இந்த இடர் இன்னும் பெரியது. சோழ மன்னர்கள் 'இராசகேசரி', 'பரகேசரி' என்ற பட்டங்களை மாறி மாறிப் பூண்டார்கள். மெய்க்கீர்த்தியை முறையாகக் கல்வெட்டின் முன்னே அமைக்கும் வழக்கம் முதலாம் இராசராசன் காலத்தில்தான் நிலைபெற்றது. அதற்கு முந்திய கல்வெட்டுப் பலவற்றில் பட்டமும் ஆட்சியாண்டும் மட்டுமே உள. 'மதிரை கொண்ட' என்ற அடை பரகேசரியோடு சேர்ந்து வந்தால் முதலாம் பராந்தகன் என்று துணியலாம். 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்று வந்தால் இரண்டாம் ஆதித்தன் எனலாம். அடை எதுவும் இன்றி வெறும் 'கோ இராசகேசரி' என்று மட்டும் இருந்தால், முதலாம் ஆதித்தனா, கண்டராதித்தனா, சுந்தரசோழனா, முதலாம் இராசராசனின் தொடக்க ஆண்டுகளா என்று எழுத்தமைதியையும், உடன்வரும் அதிகாரிகளின் பெயர்களையும் கொண்டே ஆராய வேண்டும். இவர்களுள் முதல்வருக்கும் கடைசியானவருக்கும் இடையே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இடைவெளி உண்டு.

இங்கே தவறான எண் ஒன்று கட்டப்பட்டால் விளைவு ஒரு பெயரோடு நிற்காது. அக்கல்வெட்டின் காலம் மாறும். அதில் வரும் ஊர்ச்சபை, நில விலை, விளக்குக்கு விட்ட ஆடுகள் ஆகிய அனைத்தின் காலமும் மாறும். அவற்றை வைத்துப் பொருளாதார வரலாறு எழுதுவோர் பிழையான அடித்தளத்தின்மேல் கட்டுவார்கள். ஆதலால் பட்டத்தைப் பட்டமாகவே குறித்து, ஆளை வேறாகக் குறிக்க வேண்டும். நாளைக்குப் புதிய சான்று கிடைத்து ஆள் மாறினாலும், பட்டம் மாறாது நிற்கும்.

பட்டியலில் இடம் பெறாதோர்

இதுவரை கண்டவர்கள் மன்னர்களும் போப்பாண்டவர்களும். பெயர் சொல்லாவிட்டாலும் யாராவது தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள். உண்மையான இழப்பு வேறோரிடத்தில் இருக்கிறது.

மூன்றாம் ஹென்றியின் சுருள்களில் பெண்கள் பல இடங்களில் 'இன்னாரின் மனைவியாக இருந்தவர்' என்று குறிக்கப்படுகிறார்கள். கைம்பெண் என்பது பொருள். சிலருக்குப் பெயர் உண்டு. சிலருக்கு உறவு மட்டுமே உண்டு. 'அவருடைய வாரிசுகள்', 'அவருடைய ஆட்கள்' என்று கூட்டமாகக் குறிக்கப்பட்டவர்களும் உளர். பெயர்களை மட்டும் குறித்துப் பட்டியல் செய்தால் இவர்கள் அனைவரும் விடுபட்டுப் போவார்கள். விடுபட்டோர் யார் என்று பார்த்தால் பெண்களும், பணியாளரும், ஏழைகளுமே மிகுதியாக இருப்பர். பிறகு ஒருவர் கணிப்பொறியைக் கொண்டு எண்ணிப் பார்த்து, 'இவ்வாவணங்களில் பெண்கள் குறைவு' என்று எழுதுவார். குறைவு ஆவணத்தில் மட்டுமா, பதிப்பாசிரியரின் குறியிலும் அன்றோ?

இவ்விடத்தில் பாராட்டத்தக்க இரு பணிகளைச் சொல்லியாக வேண்டும். இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் பங்குடன் உருவான, மேற்படி சுருள்களின் கணிப்பொறிப் பதிப்பு, ஆட்களைப் பற்றிய செய்திகளை உரைக்கு வெளியே தனியே வைத்து, இன்னாருக்கு இன்னார் மனைவி, இன்ன பதவியினர் என்று உறவுகளின் வலையாகப் பின்னியது. இது நல்ல வழி. ஆனால் அங்கே குறியிடப்பட்டது இலத்தீன் மூலம் அன்று. அதன் ஆங்கில மொழிபெயர்ப்புச் சுருக்கம். சுட்டு எந்தச் சொல்லால் அமைந்தது என்பதை அறிய, உடன் தரப்பட்டுள்ள சுருளின் படத்தைத்தான் நாட வேண்டும். சுட்டின் வடிவமே சான்றாகும் இடங்களில் இது ஒரு குறையே.

மற்றொன்று, ஆங்கிலோ-சாக்சன் கால இங்கிலாந்தின் ஆட்களைத் தொகுத்த 'பேஸ்' என்னும் தரவுத்தளம். 2005-இல் அதன் முதற்பகுதி வெளிவந்தது. 'இவர் இன்னவர்' என்று அது நேராகக் கூறுவதில்லை. 'இன்ன நூலில் இன்ன இடத்தில் இவரைப் பற்றி இவ்வாறு சொல்லப்பட்டுள்ளது' என்ற கூற்றையே அடிப்படை அலகாகக் கொள்கிறது. இரு நூல்கள் முரண்பட்டால் இரு கூற்றுகளும் அருகருகே நிற்கும். பெயர் தெரியாதவர்களையும் 'பெயரிலார்' என்று எண்ணிட்டு அது பட்டியலில் சேர்த்துள்ளது. ஒரு கைம்பெண்ணுக்கும் ஓர் ஏவலாளுக்கும் அங்கே இடமுண்டு. எச்சரிக்கை ஒன்றும் தேவை: ஒரு நூலில் வரும் பெயரிலாத துறவியும் வேறொரு நூலில் வரும் பெயரிலாத துறவியும் ஒருவராகவே இருக்கலாம். ஆகவே அப்பட்டியலின் எண்ணிக்கையை மக்கள் தொகைக் கணக்காகக் கொள்ளக் கூடாது.

மறுதரப்பின் வாதம்

பதிப்பாசிரியர் தரப்பிலும் நியாயம் உண்டு. எல்லாச் சுட்டுகளையும் குறிப்பதானால் எங்கே நிறுத்துவது? 'அவர்', 'அவள்', 'தாம்' என்ற பதிலிப் பெயர்கள் ஒவ்வொன்றையும் குறிக்க வேண்டுமா? தமிழில் வினைமுற்றே ஆளைச் சுட்டிவிடுகிறது. 'விளக்கு வைத்தேன்' என்று ஒரு கல்வெட்டு முடிந்தால், 'ஏன்' என்ற விகுதிக்குள் கொடையாளர் இருக்கிறார். குறிச்சொல்லை எங்கே இடுவது? சொல்லை உடைத்து விகுதிக்கா? இலத்தீனுக்கும் இதே கேள்வி பொருந்தும். ஆயிரக்கணக்கான கல்வெட்டுகள் பதிப்பை எதிர்நோக்கிக் கிடக்கையில், ஒன்றுக்கே மாதக்கணக்கில் குறியிட்டுக்கொண்டிருந்தால் மற்றவை என்றைக்கு வெளிவரும்?

இவ்வாதத்தைத் தள்ள முடியாது. எல்லாவற்றையும் குறித்தே தீரவேண்டும் என்று நாம் கூறவில்லை. எதைக் குறித்தோம், எதை விட்டோம் என்பதைப் பதிப்பின் முகப்பில் தெளிவாக எழுதினால் போதும். பதிலிப் பெயர்களைக் குறிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் படிப்பவர் ஏமாற மாட்டார். குறைவாகக் குறிப்பது குற்றமன்று. குறைவாகக் குறித்துவிட்டு நிறைவாகக் குறித்தது போலத் தோன்றச் செய்வதே குற்றம்.

செய்யத்தக்கவை

சுட்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று செய்திகள் தனித்தனியே பதியப்பட வேண்டும். முதலாவது, உரை என்ன சொல்கிறது என்பது: பெயரா, பட்டமா, உறவா, குழுவா, அடையாளப்பூவா? இதில் ஊகத்துக்கு இடம் குறைவு. இரண்டாவது, அது யாரைச் சுட்டுவதாகக் கொள்ளப்பட்டது என்பது: ஒருவரா, 'இவரோ அவரோ' என்ற பலரா? மூன்றாவது, அம்முடிபு யாருடையது, எந்தச் சான்றால், எவ்வளவு உறுதியுடன் என்பது. முதல் அடுக்கு நிலையானது. மற்ற இரண்டும் ஆராய்ச்சி வளர வளர மாறக்கூடியவை. மாறக்கூடியதை மாறாததோடு பிணைத்து வைத்தால், ஒன்றைத் திருத்தும்போது மற்றதும் குலையும்.

தேடற் பக்கமும் இதற்கேற்ப அமைய வேண்டும். குந்தவை என்று தேடினால், பெயரால் சுட்டப்பட்ட இடங்கள் இவை, உறவால் சுட்டப்பட்ட இடங்கள் இவை, ஐயத்துக்குரியவை இவை என்று வகுத்துக் காட்ட வேண்டும். குறியில் நுட்பம் இருந்தும் தேடற் பக்கம் எல்லாவற்றையும் ஒரே எண்ணிக்கையாகக் கூட்டிக் காட்டுமானால் அந்நுட்பத்தால் யாருக்கும் பயனில்லை.

மாணவர்கள் எந்தக் கணிப்பொறிப் பதிப்பைப் பயன்படுத்தினாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். நான் தேடிய பெயர் மூலத்தில் உண்மையிலேயே இருக்கிறதா? இல்லையெனில் அவரே இவர் என்று முடிவு செய்தவர் யார்? பெயரில்லாதவர்கள் இப்பதிப்பில் தேடினால் கிடைப்பார்களா? இவற்றுக்கு விடை தரும் பதிப்பு நல்ல பதிப்பு. விடை தராத பதிப்பையும் பயன்படுத்தலாம். ஆனால் அதன் எண்ணிக்கைகளை நம்பி முடிவுக்கு வரலாகாது.

ஓலையில் எழுதியவரும் கல்லில் பொறித்தவரும் தம் காலத்தவர்க்குப் புரியும் என்று நம்பிப் பல பெயர்களைச் சொல்லாமல் விட்டார்கள். அந்த இடைவெளியை நிரப்புவது நம் கடமைதான். நிரப்பியது நாம் என்பதைக் குறித்து வைப்பதும் நம் கடமையே. நமக்குப் பின் வருவோர் நம் முடிபைத் திருத்த வேண்டுமானால், கல் சொன்னது எது, நாம் சொன்னது எது என்பதை அவர்கள் பிரித்தறிய இயல வேண்டும்.